முப்பிடாதி கூட்டத்தில் நான் ஆள் எடுத்த கதை

1

உலகு, கதிர், இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். உலகு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ படித்தது இதை வாசிக்கப் போதும். தம்பிக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். பாதியில் எழுந்து போகாமல் பார்த்துக்கொள். ஊரில் உள்ளவர்கள் கையில் கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். "அப்பா, குற்றாலத்துல லேடீஸுக்கு ஜாப் வாங்கிக் கொடுத்தீங்கல்ல, அதை என் அப்ளிகேஷன்ல எக்ஸாம்பிளா எழுதிக்கட்டுமா?" என்றாய். உள்ளூர் ஆட்களுக்கு உள்ளூரிலேயே வேலை உண்டாக்கும் அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாய். அப்பா செய்கிற தொழிலுக்கே மகளும் வருகிறாள் என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் "பார்க்கலாம்மா" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சோபாவில் கிடந்த கதிர் தலையைத் தூக்காமலே, "குட் ஸ்டோரி டாட், ஏன் வேணாம்ங்கிறீங்க?" என்றான். ஏன் என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவாரம் யோசித்து இப்போது எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம். ரயில் பாதை ஓரத்தில் பழைய வங்கிக் கட்டடத்தில் எங்கள் வேலைவாய்ப்பு மையம். காலையில் போய், பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஹீட்டரைக் கூட்டி வைப்பேன். பிறகு ஆட்கள் வருவார்கள். ஆலையில் ஷிப்டு பறிபோனவர், புதிதாகக் குடியேறியவர், பிள்ளை பெற்று மறுபடி வேலைக்குப் போக நினைப்பவர். எதிரே உட்கார வைத்து, என்ன தெரியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், வண்டி இருக்கிறதா என்று கேட்டு, கம்ப்யூட்டரில் அவர்கள் பேருக்கு நேரே உள்ள கட்டங்களை நிரப்ப வேண்டும். பிறகு அந்த ஆளுக்குத் தோதான முதலாளியைத் தேட வேண்டும்.

தென்காசியில் ஐ.டி.ஐ. முடித்த பிட்டர் நான். துபாயில் சில வருஷம், பிறகு இந்தக் கனடா ஊரில் இறைச்சி ஆலை. ஆலையில் கூட வேலை பார்த்த மலையாளிகளையும் இந்திக்காரர்களையும் இந்த மையத்துக்குக் கூட்டிப் போய் அவர்களுக்காகப் பேசிப் பேசியே, ஒருநாள் என்னையே அங்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மலையாளம் எனக்குச் செங்கோட்டை பஸ்ஸில் வந்தது. இங்கிலீஷ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சேர்ந்த புதிதில் வருகிறவரிடம் எல்லாம் "வாட் இஸ் யுவர் நேட்டிவ்?" என்று கேட்பேன். நம் ஊரில் எல்லோரும் கேட்பதுதானே, சொந்த ஊர் எது என்று. ஒருநாள் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மேலாளர் லிண்டா ஓடிவந்து சமாளித்தாள். அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன கனம் என்று அப்புறம்தான் சொல்லித் தந்தாள்.

அதைவிடப் பெரிய தப்பை நான் சொந்த ஊரில், சொந்தப் பாஷையில் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2

போன வருஷம் சாரல் நேரத்தில் நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தேன் அல்லவா. உங்களுக்குப் பரீட்சை. உங்கள் பெரியப்பாவுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் உள்ள வயலில் கார் பருவ நடவு நடந்துகொண்டிருந்தது. நீங்கள் போட்டோவில் பார்த்துச் சூரியகாந்தி எங்கே என்று கேட்பீர்களே, அந்தத் தோட்டங்களுக்குக் கிழக்கே, குளத்துப் பாசனத்தில் இருக்கிறது அந்த வயல்.

நடவுக்கு வந்திருந்தது முப்பிடாதி கூட்டம். முப்பிடாதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். தனியாக யாரையும் நடவுக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் கூட்டத்தைத்தான் கூப்பிட வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று முப்பிடாதியிடம் பேசிவிட்டால் அவள் லோடு ஆட்டோவில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

சாரல் முகத்தில் அடிக்க, வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தேன். பதினொரு பேரும் தொளிச் சேற்றில் குனிந்து வரிசையாகப் பின்னால் போனபடியே நட்டார்கள். முப்பிடாதியின் வாய் மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"ஏட்டி செல்வக்கனி, நாத்து நடுதியா, கோலம் போடுதியா?"

"கோலம் போட்டாத்தான் பெரிய வீட்டு அண்ணாச்சி கனடாவுல போய்ச் சொல்லுவாக" என்றாள் செல்வக்கனி. கூட்டத்திலேயே சின்னவள் அவள், வெடுக்கென்று பேசுவாள்.

"சொல்லுவாக. கோணலா நட்டவ பேரு செல்வக்கனின்னு சொல்லுவாக."

வரிசை முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் பேச்சியம்மா. ஆட்டோவிலிருந்து விழுந்ததில் இடுப்பில் அடி. பழைய வேகம் இல்லை. அவள் நிமிர்ந்து நின்ற நேரத்தில், அவள் முன்னால் வெறுமையாக விட்ட இடத்தில் இடது பக்கத்துக்காரி கையை நீட்டி நான்கு குத்து நாற்று வைத்தாள். வலது பக்கத்துக்காரி நான்கு வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சியம்மா மறுபடி குனிந்தபோது வரிசை வரிசையாகவே இருந்தது.

"கூலி எப்படி?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான். மொத்தமா முப்பிடாதி கையில குடுத்துருவேன், அவ பிரிப்பா."

"பேச்சியம்மாவுக்கும் அதேவா?"

"ஆமா. முப்பிடாதி மட்டும் ஆட்டோவுக்கு, போனுக்குன்னு கொஞ்சம் கூட எடுத்துக்கிடுவா. அவ வாய்க்குப் பயந்து ஒருத்தியும் கேக்க மாட்டா. உனக்கு என்னத்துக்கு இந்தக் கணக்கு? வா, அருவிக்குப் போவோம்."

அன்று சாயங்காலம் குற்றாலத்தில் குளித்துவிட்டு, பெரியப்பாவோடு பள்ளியில் படித்த ஒருவரின் லாட்ஜுக்குக் காபி குடிக்கப் போனோம். லாட்ஜ் அண்ணாச்சி புலம்பித் தீர்த்துவிட்டார்.

"சீசன் களை கட்டிட்டு. ரூம் பூரா ஆளு. எண்ணெயத் தேச்சுக் குளிச்சுட்டு, தலையைக்கூடத் துவட்டாம வந்து படுத்துருதானுவ. பெட்ஷீட்டத் தூக்கிப் பிழிஞ்சா வடை சுடலாம். துவைக்க ஆளில்ல, ரூம் பெருக்க ஆளில்ல. நம்ம ஊர்க்காரன் எவன் வாரான்? எல்லாம் உம்ம மாதிரி வெளிநாடு போயிட்டான்."

"அவன் தொழிலே ஆளு பிடிச்சுக் குடுக்கதுதான் வே" என்றார் பெரியப்பா.

அப்போதுதான் என் மண்டையில் விளக்கு எரிந்தது. ஒருபக்கம் ஆள் இல்லாத லாட்ஜ். மறுபக்கம் வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் வேலையுள்ள பெண்கள். நடுவில் அரை மணி நேரப் பஸ் பாதை. இதை ஒட்ட வைக்கத்தானே இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

3

முப்பிடாதியிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு நாள் கழித்து லாட்ஜ் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பதினொரு பேரும் குளித்து, பூ வைத்து வந்திருந்தார்கள். இங்கே மையத்தில் செய்வதைப் போலவே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னேன். அவர்களுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. "பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொருத்தியா கூப்பிடுதாக" என்று வெளியே ஒரே சிரிப்பு.

பேச்சியம்மா வந்தாள். "மூணு மாடி இருக்கு. ஒரு நாளைக்குப் பலதடவை ஏற வேண்டியிருக்கும். ஏறுவியாம்மா?" என்றேன்.

"ஏறிருவேன் அண்ணாச்சி. இறங்கத்தான் நேரமாகும்" என்றாள், சிரித்துக்கொண்டே.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். சுறுசுறுப்பானவர்கள், படி ஏறக்கூடியவர்கள், எழுத்துக் கூட்டி அறை எண் வாசிக்கத் தெரிந்தவர்கள். செல்வக்கனி முதல் ஆள். முப்பிடாதி தனக்கு வேலை கேட்கவில்லை. கடைசியாக உள்ளே வந்து நின்றபடியே பேசினாள்.

"அண்ணாச்சி, எங்க எல்லாரையும் எடுத்துக்கிடச் சொல்லுங்க. லாட்ஜு பூராவும் நாங்க பாத்துக்கிடுதோம். சம்பளத்த ஆளாளுக்குத் தர வேண்டாம், மொத்தமாத் தந்தாப் போதும். எவ துவைப்பா, எவ படி ஏறுவான்னு நாங்க வச்சுக்கிடுதோம்."

லாட்ஜ் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "இது என்ன வயக்காடா?"

நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்ததைவிட மோசமாக ஒன்று செய்தேன், விளக்கம் சொன்னேன். அவரவர் பேருக்குச் சம்பளம் போனால்தான் நல்லது, வங்கிக் கணக்கு வேண்டும், நாளைக்குப் பிடித்தம், சலுகை எல்லாம் உண்டு, நடுவில் ஒருவர் கைக்குப் பணம் போவது சரியில்லை என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. அவள் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும் என்று குரலிலேயே காட்டிவிட்டேன். முப்பிடாதி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அந்த ஆறு பேரையும் தென்காசிக்குக் கூட்டிப் போய் வங்கியில் கணக்குத் தொடங்க வைத்தேன். ஆதாரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர் என்று இருந்ததில் கவுண்டர் கவுண்டராக அலைந்தோம். செல்வக்கனிக்குப் பாஸ்புக் கிடைத்ததும், கோயில் கோபுர வாசலில் நின்று, அங்கே எப்போதும் அடிக்கிற காற்றில் அது பறந்துவிடுமோ என்று பயந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் படம் எடுத்தேன். லிண்டாவுக்கு அனுப்பினேன். மையத்துச் சுவரில் இன்றைக்கும் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. நீ பார்த்தது அதைத்தான் உலகு.

4

நான் இங்கே திரும்பிவந்த வாரமே பெரியப்பா போன் செய்தார். அவருடைய மேல வயல் நடவு பாக்கி. முப்பிடாதியோடு சேர்த்து மிச்சம் இருந்தது ஐந்து பேர். அதில் நடவில் வேகம் உள்ளவள் அவள் ஒருத்திதான். ஐந்து பேரை வைத்துக்கொண்டு அவ்வளவு வயலுக்கு அவளால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"நான் என்னலே செய்ய? வடக்கத்திப் பிள்ளைகளக் கூப்பிட்டுட்டேன்" என்றார்.

வங்காளத்திலிருந்து வந்த கூட்டம். ஆணும் பெண்ணுமாக, பெரியப்பாவின் மோட்டார் ரூமில் தங்கியிருந்தார்கள். பெரியப்பா வீடியோவில் அவர்களைக் காட்டினார். அவர்களுடைய தலைவனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். எத்தனை ரயில் மாறி வந்தார்கள் என்று சொன்னான். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். "அங்கே ரொம்பக் குளிருமாமே, சோறு கிடைக்குமா?" என்று கேட்டான். நான் துபாய்க்குப் போன புதிதில் எனக்கு முன்னால் போனவர்களிடம் கேட்ட கேள்வி அது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? இங்கே பெட்ரோல் பங்கில் ஒருவர் என் காது படவே, "வந்தவர்கள்தான் எல்லா ஷிப்டையும் எடுத்துக்கொள்கிறார்கள்" என்று சொன்னபோது, கதிர், நீ காருக்குள் இருந்தாய்.

வடக்கத்திக்காரர்கள் சீக்கிரம் நட்டார்கள். பெரியப்பா மட்டுமல்ல, பக்கத்து வயல்காரர்களும் அவர்களையே கூப்பிட்டார்கள். சாரல் ஓய்ந்து குற்றாலத்தில் கூட்டம் குறைந்ததும் லாட்ஜ் அண்ணாச்சி ஆறு பேரில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான்கு பேரை நிறுத்திவிட்டார். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. சீசன் முடிந்த பிறகு என்ன என்று நானும் கேட்கவில்லை. எங்கள் மையத்தில் ஒருவர் மூன்று மாதம் வேலையில் நின்றால் வேலை கிடைத்தது என்று எழுதிக்கொள்வோம். அவர்கள் மூன்று மாதம் நின்றிருந்தார்கள்.

அந்த நான்கு பேரும் திரும்பி வந்தபோது அடுத்த பருவமான பிசான நடவு. அதற்கும் வடக்கத்திக் கூட்டத்தையே பேசியாகிவிட்டது. கூட்டமாக இருந்தபோது அவர்களுக்கு வருஷத்தில் கொஞ்ச நாளாவது நிச்சயமான வேலை. இப்போது அதுவும் இல்லை. இதை எனக்குச் சொன்னது பெரியப்பாதான். அந்தப் பெண்களில் ஒருத்திகூட என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

5

வேலைக்குப் போனவர்களை ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் மையத்து விதி. குற்றாலம் மையத்துக் கணக்கில் சேராது. ஆனாலும் இந்தச் சாரலோடு ஒரு வருஷம் ஆகிறது. நீ போன் செய்த மறுநாள் நான் செல்வக்கனியைக் கூப்பிட்டேன்.

பின்னால் குழாய்த் தண்ணீர்ச் சத்தம். "நல்லாருக்கேன் அண்ணாச்சி. மேல் மாடி பூராவும் எம் பொறுப்புதான். சாவி எல்லாம் என்ட்டதான் இருக்கும். போன மாசம் எங்க வீட்டுக்குக் கிரைண்டர் எடுத்தேன்."

"மறுபடி நடவுக்குப் போவியா?"

"என்னத்துக்கு? அங்கன நான் முப்பிடாதி கூட்டத்து ஆளு. எனக்குத் தலைவலின்னாக்கூட அந்த அக்காட்டக் கேட்டுத்தான் படுக்கணும். இங்கன எனக்குப் பேரு இருக்கு அண்ணாச்சி."

உலகு, இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் பேச்சில் ஒரு பொய் இல்லை. நான் அவளுக்குச் செய்தது நல்லதுதான். அதனால்தான் இந்தக் காரியத்தைத் தப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை.

"பேச்சியம்மா எப்படி இருக்கா?" என்றேன்.

தண்ணீரை நிறுத்தினாள். "அத முப்பிடாதி அக்காட்டயே கேளுங்க."

முப்பிடாதியைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "அண்ணாச்சி, ஒங்க அண்ணன் இந்தக் கார் நடவுக்கு எங்களுக்கே வயலக் குடுத்துட்டாக, தெரியுமா?" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. நின்று போன நான்கு பேரும் மறுபடி அவளோடு சேர்ந்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த இரண்டு சின்னப் பெண்களையும் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். வடக்கத்திக்காரர்கள் முடிக்கிற அதே நாளுக்குள் நடவை முடித்துத் தர வேண்டும், அது பெரியப்பா போட்ட நிபந்தனை.

"முடிஞ்சிருமா?"

"முடிச்சுட்டோமே. நேத்தோட மேல வயல் முடிஞ்சுது. ஒங்க அண்ணனே வாயப் பொளந்துட்டாக."

"நல்லதும்மா. பேச்சியம்மாவும் வந்தாளா?"

"இல்ல. அவளக் கூட்டிட்டுப் போகல."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"முடியாம என்ன. எப்பவும் போலதான் இருக்கா." பிறகு அவளே கேட்டாள்: "நீங்க அன்னைக்கு அவள ஏன் எடுக்கல அண்ணாச்சி?"

"மாடி ஏறணுமேன்னு..."

"அதேதான். ஒரு ஆளு விட்ட எடத்த ரெண்டு ஆளு நட்டா வடக்கத்தியான் நாளுக்குள்ள முடிக்க முடியாது. நானும் ஒவ்வொருத்தியாத்தான் நிக்க வச்சுப் பாத்தேன். வெரசா நடுதவளுகள மட்டும் எடுத்தேன். பழைய ஆளுகள்ல இன்னொருத்தியையும் விட்டுட்டேன். நீங்க செஞ்ச மாதிரியே."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேலை சுத்தமாக முடிந்ததை என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பெரியப்பாவிடம் பேசிப் பார்த்தேன். "கூட்டம் அவளுது. யாரச் சேக்கணும்னு நான் எப்படிலே சொல்ல? எனக்கு நடவு முடியணும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். இதில் யாரைக் கேட்டாலும் அவரவர் சொல்வது சரியாகவே இருக்கிறது.

6

பேச்சியம்மாவிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி போனில் பிடித்தேன். என் குரல் தெரிந்ததும் சந்தோஷப்பட்டாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் எந்தப் படிப்பு என்றெல்லாம் விசாரித்தாள். நடவைப் பற்றி நானாகக் கேட்கும் வரை அவள் பேச்சே எடுக்கவில்லை.

"நீ முப்பிடாதியைக் கேட்டியாம்மா?"

"அவளப் போயி என்ன கேக்க அண்ணாச்சி. அவ எத்தன வருசம் என்னய வச்சிருந்தா. வடக்கத்தியான் கூடல்லாம் போட்டி போடணும்னா என்னால அவளுகளுக்குக் கஷ்டம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி அருகில் நிற்கிறாள் போலும். "களையெடுப்பு வரும்லா? அதுக்கு வெரசு தேவையில்ல. உக்காந்து உக்காந்து எடுத்துருவேன். நான் கேட்டா நல்லாருக்காது. நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதியளா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் வேலை கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் இவ்வளவு கூச்சப்பட்டுக் கேட்டதில்லை.

முப்பிடாதியிடம் கேட்டேன். அவள் முடியாது என்று சொல்லவில்லை. "களைக்கு இன்னும் நாள் கிடக்கு அண்ணாச்சி. எத்தன ஆளு தேவைப்படுதுன்னு பாத்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்றாள். அதை அப்படியே பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சரி அண்ணாச்சி, சொல்லட்டும்" என்றாள். இதுவரை முப்பிடாதியிடமிருந்து பதில் வரவில்லை. நேற்றும் கூப்பிட்டேன், வயலில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. நாளையும் கூப்பிடுவேன்.

உலகு, விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்ப வேண்டும் என்றாய். செல்வக்கனியை எழுதலாம், அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் அவளை எழுதினால் அடுத்த வரியில் பேச்சியம்மாவையும் எழுத வேண்டும். அதற்கு அவர்கள் தந்திருக்கிற இடம் போதாது என்றால் குற்றாலத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுது அம்மா. நான் ஒருதடவை விட்டேன், முப்பிடாதி ஒருதடவை விட்டாள். நீயும் அவளை விட்டுவிட வேண்டாம்.